பதில் வரும் வரை

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியீர், மேடையை நிறைத்திருக்கும் சான்றோரே, வாய்க்கால் சேற்றைக் கழுவிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தன்னார்வலர்களே! அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

என் குரல் சிறியது. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

“கேக்குது ஐயா, சொல்லுங்க!” என்கிறார்கள். நன்றி. கேட்டேன், காத்திருந்தேன், பதில் வந்தபின் தொடர்கிறேன். நம் மதகுப் பயிற்சியின் முதல் பாடமே இதுதான். அந்த ஆறு வாரப் பயிற்சியை ஒரே மாலையாகச் சுருக்கும் தீர்மானம் சற்றுமுன் இங்கே நிறைவேறியது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மதகுப் பலகையைத் தூக்குமுன் கூவ வேண்டும். கூவினால் போதுமா? கீழே வாய்க்காலில் இறங்கிக் களை எடுப்பவரின் பதில் வர வேண்டும். வரவில்லையா? நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். இதற்கா ஆறு வாரம்? இதற்குத்தான்!

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. மேலே வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மதகில் நின்றவர் நம் சலூன்காரர். “திறக்கலாமா?” என்று கூவினார். பதில் இல்லை. மறுபடி கூவினார். பதில் இல்லை. அவருடைய மச்சினனுக்குப் பொறுமை போயிற்று.

“என்ன மச்சான், சவரத்துக்குக் கத்தி வைக்கும்போதுகூட இவ்வளவு யோசிக்க மாட்டீங்க! கீழ யாரும் இல்ல, சுத்துங்க. மௌனம் சம்மதம்!”

“கழுத்துல கத்தி வைக்கிறவனுக்குத்தான் மாப்ள நிதானம் வேணும். கைப்பிடியத் தொடாத, நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், மீதியைக் கேட்கும் வரை.

அவர் போய்ப் பார்த்தால், பாலத்தடியில் களை எடுக்க இறங்கிய நம் தையற்கார அம்மா. இரு கற்களின் இடுக்கில் கால். மார்பளவு தண்ணீர். மதகருகே ஓடிய பம்பு அவர் குரலை விழுங்கிவிட்டது. “அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் ‘வேணாம், வேணாம்’னு கத்துனதுதான் யாருக்கும் கேக்கல” என்றார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். எழ வேண்டாம் தாயே. நீங்கள் இருப்பதே போதும்.

மணமேடையில் மௌனம் சம்மதமாகலாம். மதகடியில் மௌனம் மரணமாகலாம்! கைப்பிடியைச் சுழற்ற ஒரு மாலையில் கற்கலாம். வெள்ளம் நெருக்க, சுற்றம் நெருக்க, அந்தக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்க எத்தனை மாலைகள் வேண்டும்?

பெரியீர், ஆள் பற்றாக்குறை உண்மை. மழை நெருங்குவதும் உண்மை. “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டீர்கள். அவை அமைதியாக இருந்தது. “ஏற்கப்பட்டது” என்றீர்கள். அந்த அமைதியில் என் அமைதியும் ஒன்று. அது சம்மதமல்ல, ஐயா. பயம். பெரிய சபையில் எழுந்து மறுக்க வந்த பயம்.

இருகரம் கூப்பி வேண்டுகிறேன்: இன்னொரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் பதில் இதோ: வேண்டாம்.

முன்வரிசையில் ஒரு குரல்... “நானும் சொல்றேன், வேணாம்!”

கேட்டது, தாயே. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

சிறு குரலையும் பொறுத்துக் கேட்ட பேரவைக்கு நன்றி. தலைவரின் கேள்விக்காக, உங்கள் பதிலுக்காக, ஓரமாக நின்று காத்திருக்கிறேன். வணக்கம்.