முயல் படி ஏறும் காட்சி

இந்த மேஜை விசிறியைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வைக்க முடியுமா சார்? நேராகக் காற்று பட்டால் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். அப்புறம் நான் அழுதேன் என்று எழுதிக்கொள்வீர்கள். அழுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விசிறிக்காக அழுதவன் என்று பேர் வாங்க விருப்பமில்லை. நன்றி.

நான் இளகிய மனசுக்காரன். தியேட்டர் மேனேஜர் வேலைக்கு இது ஆகாது என்று முதலாளியே பல தடவை சொல்லியிருக்கிறார். என் மனைவி மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "எங்கம்மா வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டப்ப, டீ ஆறிப்போச்சேன்னு கேட்ட ஆளுதானே நீங்க" என்பாள். டீ உண்மையிலேயே ஆறித்தான் போயிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த முயல் படத்தை நீங்களும் பார்த்ததாக இங்கே வாசலில் இருக்கும் காவலர் சொன்னார். அதனால் உங்களிடம் பேசுவது சுலபம். பார்க்காதவர்களிடம் இதை விளக்கவே முடியாது. ஒரு முயல்குட்டி. பின்னங்கால் ஒன்று பிறவியிலேயே சூம்பியது. சுள்ளியில் செய்த ஊன்றுகோலை வைத்துக்கொண்டு மரத்தின் மேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அணில்கள் அதைக் கேலி செய்கின்றன. அது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஒரு நாள் அணில்கள் அந்த ஊன்றுகோலை எடுத்து ஒரு பொந்துக்குள் ஒளித்து வைத்துவிடுகின்றன. மழை கொட்டுகிறது. முயல் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறது. கடைசியில் காடே மனம் மாறி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. பொம்மைப் படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படிகளில் அது மூச்சு வாங்கும்போது என் நெஞ்சு அடைத்துக்கொண்டது பொம்மை இல்லை.

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம். புதுப் படம் வந்தால் முதல் நாள் காலையில் வேலைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். அன்றும் பார்த்தோம். தின்பண்டக் கடை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விக்கினார். ஆபரேட்டர் தன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. பெருக்குகிற அம்மா துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழுததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முயல் மூன்றாவது படியில் சறுக்கி விழுந்த அந்த நேரத்தில், பின் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் எங்கள் வாசல்காரர். டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுகிறவர். அவருக்கு இடது கால் சூம்பியது. சின்ன வயதிலிருந்தே ஊன்றுகோல்தான். அப்படிப்பட்டவர் சிரிக்கிறார்.

வெளியே வந்ததும் கேட்டேன். நான் கோபப்படவில்லை. அப்போதுதான் படம் பார்த்த மனசு, எப்படிக் கோபம் வரும்?

"என்னங்க சிரிக்கிறீங்க? அந்த இடத்துல சிரிக்கலாமா?"

"இல்ல சார். அம்மாம் பெரிய ரெண்டு பல்ல வச்சுக்கிட்டு அந்த முயல் ஒரு தடவ கூட யாரையும் கடிக்கலையே, அத நெனச்சேன். நான்லாம் அந்த வயசுல கடிச்சு வச்சுருவேன் சார். ஒருத்தன் என் கட்டைய எடுத்து ஒளிச்சு வச்சான். காதுல பாதிய எடுத்துட்டேன்."

"அய்யோ. அவன் என்ன ஆனான்?"

"என் தங்கச்சியக் கட்டிக்கிட்டான். நல்ல மாப்பிள்ளை சார்."

இதில் எனக்கு என்ன வருத்தம் என்றால், இவ்வளவு பெரிய துன்பத்தை அனுபவித்தவருக்கு அதை அனுபவிக்கத் தெரியவில்லை. அவர் அந்த முயலாக இருக்க வேண்டியவர். ஏதோ ஒன்று அவருக்குள் மரத்துப் போயிருந்தது. அதைச் சரி செய்யாமல் விடக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

படம் வருவதற்கு முன்னால் நான் அவரை 'நொண்டி' என்றுதான் கூப்பிடுவேன். இதை மறைக்க விரும்பவில்லை. அதில் ஒரு பிரியம் இருந்தது, அவரும் திரும்பிப் பார்ப்பார். படம் பார்த்த அன்று மதியமே எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் அவரை யாரும் அப்படிச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அப்படிச் சொன்னவன் நான் ஒருவன்தான் என்று அக்கா முணுமுணுத்தார். இருக்கலாம். தொடங்கியவன்தானே நிறுத்த வேண்டும்?

அப்புறம் அவரை உள்வாசலிலிருந்து மாற்றி, வெளியே வரும் கதவுப் பக்கம் நிறுத்தினேன். கையில் ஒரு டிஷ்யூ பெட்டி. அழுதுகொண்டு வருகிற ஜனங்களுக்கு அவர் டிஷ்யூ கொடுக்க வேண்டும். நல்ல யோசனை என்று முதலாளியே பாராட்டினார். ஜனங்கள் கதவைத் தாண்டியதும் அவரைப் பார்த்தார்கள், அவர் காலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான், மறுபடியும் ஓவென்று அழுகை. ஒரு அம்மா அவர் ஊன்றுகோலுக்கு முத்தம் கொடுத்தார். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் அவர் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. அவரைத் தூக்கிப் பார்க்கக்கூட இரண்டு பேர் முயன்றார்கள், படத்தின் கடைசிக் காட்சியில் வருவது போல. நான்தான் தடுத்தேன்.

"சார், வர்றவன் போறவன்லாம் தலையத் தடவுறான் சார். முடியே கொட்டிரும் போல இருக்கு. என்னை சைக்கிள் ஸ்டாண்டுல போட்டுருங்க சார், புண்ணியமாப் போவும்" என்றார்.

"அவங்க அன்பு காட்டுறாங்க. நீங்க ஏன் வாங்கிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க சார் வச்சுக்கிறது?" என்றார்.

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இடத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் வேலையை விட்டுவிடலாம் என்றும் சொன்னேன், மென்மையாகத்தான். அவருக்கு வேறு வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றார்.

கொஞ்ச நாளில் புகார் வரத் தொடங்கியது. நாங்கள் இவ்வளவு மனசு விட்டு அழுதுகொண்டு வருகிறோம், இவர் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று. ஜனங்கள் விம்மிக்கொண்டு நின்றபோது அவர் பிஸ்கட் கடித்தாராம். ஒரு குடும்பமே என் அறைக்கு வந்து, இதனால் தங்கள் குழந்தைகளின் மனசு புண்பட்டுவிட்டது என்றது. வேலைக்காரர்களும் மெல்ல மெல்ல அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கடை அக்கா அவருக்கு டீ கொடுப்பதை நிறுத்தினார். "கல்லு மாதிரி நிக்குறாரு சார், அவரப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றார். ஆபரேட்டர் அவர் நடையைச் செய்து காட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அது வேறு சிரிப்பு. இதயம் இல்லாத ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதும் கால் இல்லாத ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதும் ஒன்றாகுமா?

அவர் சைக்கிள் ஸ்டாண்டு சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உடனே உள்ளே போய்ப் படத்தில் முயல் தனியாகச் சாப்பிடும் காட்சியைப் பார்த்து ஒரு மூச்சு அழுதுவிட்டு வருவேன். அப்புறம் கொஞ்சம் லேசாக இருக்கும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

எங்கள் தியேட்டரில் இன்னொரு வழக்கம் உண்டு. அது நானே கொண்டுவந்தது. படம் முடிந்ததும் விளக்கைப் போட மாட்டோம். கடைசிப் பாட்டு முடியும்வரை ஹாலிலும் படிக்கட்டிலும் இருட்டாகவே வைத்திருப்போம். மூக்கும் முகமுமாக அழுதவர்கள் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்காமல் துடைத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? நிறையப் பேர் இதற்காகவே எங்கள் தியேட்டருக்கு வந்தார்கள். மற்ற இடங்களில் பளிச்சென்று விளக்கைப் போட்டு மனுஷனை அவமானப்படுத்துகிறார்கள்.

படம் முடியும் நேரத்தில் வாசல்காரர் பால்கனிக் கதவைத் திறக்க மேலே போக வேண்டும். அங்கே மேல்படியில் உட்கார்ந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் கண் அசருவார். அன்றும் அசந்திருந்தார். வெளியே நல்ல மழை. அந்த மழையைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது. மழை, படிக்கட்டு, எல்லாம் படத்தில் வருவது போலவே அமைந்திருந்தது. ஒன்றுதான் குறை.

நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

அதை நீங்கள் நாலு நாளாகத் தேடுகிறீர்கள். திரைக்குப் பின்னால், இடது பக்க ஒலிபெருக்கிப் பெட்டியின் சந்தில் இருக்கிறது. படத்தில் பொந்தும் இடது பக்கம்தான் வரும். பத்திரமாகத்தான் வைத்தேன், ஒரு கீறல் விழுந்திருக்காது.

என் எண்ணம் என்ன என்பதை நீங்கள் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும். கதவு திறக்கும். மனசு இளகிய முந்நூறு பேர் வெளியே வருவார்கள். எதிரே ஊன்றுகோல் இல்லாமல் ஒரு மனிதர் படியில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு பேரும் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவருக்குள் இறுகிப் போனது உடையும். அவர் அழுவார். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். என் சொந்த லாபம் இதில் எங்கே இருக்கிறது?

அவர் விழித்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. விழித்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறார். பாதிப் படிக்கட்டு வந்திருந்தபோது கதவு திறந்தது.

ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. இருட்டு. கண் நிறைய நீர். முன்னால் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதலில் மிதித்தவர் "ஐயோ பாவம் அந்த முயலு" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். அவர் மேல் கால் வைத்தவர்களில் அழாதவர் ஒருவர்கூட இல்லை. கெட்ட எண்ணத்தோடு மிதித்தவர் யாரும் இல்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

கதவைத் திறந்தது யார் என்று நேற்று கேட்டீர்கள். காற்றில் திறந்திருக்கும் என்று சொன்னேன். அது சரியில்லை. ஹால் வழியாக மேலே போய் உள்பக்கத்திலிருந்து நான்தான் திறந்தேன். திறப்பதற்கு முன்னால் அவர் குரல் கேட்டதா என்றும் கேட்டீர்கள். கேட்டது. "சார், கட்டையக் காணோம் சார். படியில இருக்கேன். லைட்டப் போடுங்க சார்" என்றார். இரண்டு தடவை சொன்னார். சுவிட்ச் என் தோள் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அப்போதுதான் கடைசிப் பாட்டில் புல்லாங்குழல் வருகிற இடம். உங்களுக்கே தெரியும், அந்த இடத்தில் விளக்கைப் போட்டால் எல்லாம் போய்விடும்.

ஆஸ்பத்திரிக்கு மறுநாளே போனேன். ஒரு டிஷ்யூ பெட்டியும் கொண்டுபோனேன். அவருடைய நல்ல கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டதாம், இனி அதை நம்பி ஊன்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கட்டில் பக்கத்தில் அவருடைய தங்கை மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஒரு காது பாதிதான் இருந்தது. அந்த ஆள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். "நான் சின்னப்புள்ளையில செஞ்சத இந்தாளு இந்த வயசுல செஞ்சிருக்கான்" என்று என்னைக் காட்டி நர்ஸிடம் சொன்னார். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன். விசாரித்தேன், அவர் படமே பார்க்கவில்லையாம். அப்புறம் எதற்காக அவ்வளவு அழுதார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாசல்காரர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "சார், லைட்டையாச்சும் போட்டிருக்கலாம்ல" என்றார்.

"பாட்டு ஓடிட்டு இருந்துச்சு" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது பார்த்தேன். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. இத்தனை நாள் கழித்து. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு டிஷ்யூவை உருவி நானே துடைத்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. கையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். படம் கடைசியில் அவரையும் தொட்டுவிட்டது. மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அவருக்குக் கொஞ்சம் அதிகமாக ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதிக்கொண்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலைக் காட்சியோடு படத்தை எடுக்கிறார்கள். காவலரைத் துணைக்கு அனுப்பினால்கூடப் போதும், ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். முழுதாகக்கூடப் பார்க்க மாட்டேன். அந்த அணில்கள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஓடுகிற இடம் வந்தால் எப்போதுமே கண்ணை இறுக மூடிக்கொள்வேன். என்னால் தாங்க முடியாது சார். எப்படித்தான் மனசு வருகிறதோ.