வால் இல்லாத படம்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலில் கோட்டை மலை மிதந்துகொண்டே கூட வந்தது. முன் சீட்டில் ஓர் அக்காவும், மடியில் லேப்டாப்போடு அவள் தம்பியும்.

"படத்தோட பேர மாத்தலன்னா மாமா பழைய மண்டபத்துக்குத்தான் போவாரு," என்றான்.

"தாய்மாமன் மால போடாம தங்கச்சி எப்பிட்றா மேடை ஏறுவா? மண்டபம் மாறினதுமே கல்யாண வெப்சைட்டுல விலாசம் போட்ட மண்டபம் படத்த மாத்திட்டேன்னியே!"

"மாத்தினேன்க்கா. பேரு அதேன்னா போனு புதுசக் கேக்காது, எடுத்து வச்ச பழசையே காட்டும். படம் மாறினா பேருக்குப் பின்னால தானா எழுத்தும் நம்பருமா ஒரு வால் ஒட்டும், பேரு புதுசாயிடும். அசிங்கமா இருக்குதுன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்."

"உன் அழகுல தீய வெக்க!"

வாலை ஒட்டிவிட்டு மாமாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். "மாமா, இப்ப தொறந்து பாரு. புது மண்டபம் தெரியுதா?"

"தெரியுதுடா. இங்க பழைய மண்டபத்துல யாரு வூட்டு கல்யாணமோ, பந்தியில உக்காந்துட்டேன். பாயசம் வருது, முடிச்சிட்டு மாலையோட வரேன்."