தேள் விளக்கில் மின்னிய வாழைப்பழம்

சுக்கு மச்சான்! ஊருக்கு நீங்கள் அப்துல் சுக்கூர். எனக்கு என்றைக்கும் சுக்கு மச்சான். உங்கள் இரங்கல் கூட்டத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

உப்பளமும் வாழைத்தோட்டமும் உடைய தலைவர் பக்தவச்சலம் ஐயா அவர்களே, மரக்காணம் வியாபாரிகள் சங்கத்தின் மதிப்புக்குரிய பெரியவர்களே, உப்பளத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, டீ எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் சலாம், வணக்கம். பேசுகிற இந்தச் சைபுன்னிசா படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மழை.

இரண்டாயிரத்து நாலில் என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து என்ன கொண்டுவந்தார்? தங்கமா? இல்லை. தைலமா? இல்லை. தேள் பார்க்கும் விளக்கு! பாலைவனத்தில் அதை அடித்தால் தேள் மின்னுமாம். எங்கள் பழக்கடையின் இருட்டறையில், வாழைத்தாருக்குள் தேள் தேடினார். தேள் இல்லை. ஆனால் பழுத்த பழமெல்லாம் நீலமாய் மின்னியது! காய் மின்னவில்லை, கனிதான் மின்னியது. சந்தோஷத்தில் ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். வந்தது வினை.

"தேளு மின்னுற லைட்டுல பழமும் மின்னுதுன்னா, அது தேளு கொட்டுன பழம்பா" என்றார் ஒருவர். யாரென்று சொல்ல மாட்டேன். இன்று தலைமை வகிக்கிறார். சிரிக்காதீர்கள், ஐயாவுக்குப் புரையேறுகிறது.

அன்றிலிருந்து கடைக்கு ஈ வந்தது, எறும்பு வந்தது, ஆள் வரவில்லை. விற்காத பழத்தை மூன்று வேளையும் நாங்களே தின்றோம். தேள் கொட்டினால் துடிப்பார்கள். எங்களுக்குக் கொட்டாவிதான் வந்தது. "பழுத்தா அது தானா மின்னும் சைபு. ஒருநாள் எல்லாருக்கும் புரிய வைக்கிறேன் பாரு" என்றார். போன நோன்பு மாதத்தில் நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். இன்றும் ஊர் அவரைத் தேள்பழக்காரர் என்கிறது. பொய்யரா அவர்? புளுகரா அவர்?

தம்பி, ஜன்னலைச் சாத்துங்கள். விளக்கு என் கையில். மேசையில் இருக்கும் பழம் ஐயா தோட்டத்தது. வாசலில் கட்டிய தாரும் ஐயா தோட்டத்ததே. அந்தத் தாரில் ஒரு காய் பறித்து வந்தேன். இது மின்னுகிறதா? இல்லை. இந்தப் பழம்? பாருங்கள், பாருங்கள், நீலம்! ஐயா, இதில் இரண்டு சாப்பிட்டுவிட்டீர்களே, எங்கே கொட்டுகிறது?

என்ன ஐயா? பின்வரிசைக்குக் கேட்கவில்லை, மைக்கில் நானே சொல்கிறேன். "தப்பு என்னுதுதாம்மா. சுக்கூர் சொன்னது நெஜம்" என்கிறார்.

போதும் ஐயா. இருட்டில் பொறுமையாய் இருந்த சபைக்கு நன்றி. பழத்தைப் பயப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். போய் வருகிறேன், சலாம், வணக்கம்.

மச்சான், காயில் இருந்த பச்சை பழுத்ததும் எங்கே போகிறது? போகிற வழியில்தான் இப்படி நீலமாய் எரிகிறதா?