கடைசி அத்தியாயம் என் மேசையில்

இருபத்திரண்டு வருட வேலையில் நான் எந்தப் புத்தகத்திலும் பக்க முனையைக்கூட மடக்கியதில்லை. விசாரிக்க வந்த நீங்கள் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் என்னுடையது இரவல் பிரிவு. எங்களிடம் இல்லாத புத்தகத்தை வாசகர் கேட்டால், வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுக்க வேண்டும். கெடு மூன்று வாரம். வாங்கும்போது தேனாகப் பேசுகிறவர்கள், கெடு முடிந்ததும் தலைமறைவாகிவிடுவார்கள். பல் டாக்டர் ஒருவர் துப்பறியும் நாவலை ஏழு மாதம் வைத்திருந்தார். வெளியூர்க்காரர்களிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். "இன்னும் ஒரு புக் லேட்டானா இந்தப் பிரிவையே மூடிடுவேன்," என்றார் தலைமை நூலகர் அம்மா. இந்த மேசையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பயந்துபோனேன்.

ஆகவே புத்தகம் வந்ததும் கடைசி அத்தியாயத்தை மட்டும் பிளேடால் பக்குவமாக எடுத்து வைத்துக்கொண்டேன். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் என் மேசையில் உட்கார்ந்து முடிவைப் படிக்கலாம். அது வெளியூர் நூலகத்தின் விதி என்றேன், எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு பசை போட்டு ஒட்டி அனுப்புவேன். அதன்பின் ஒரு புத்தகமும் தாமதமானதில்லை. பல் டாக்டர் நான்காம் நாளே மூச்சிரைக்க வந்தார்.

ஒருமுறை அத்தியாயங்கள் மாறிவிட்டன. ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் படித்து முடித்தார். கொலை செய்தது சமையல்காரன். அவர் எடுத்துப்போன நாவலில் சமையல்காரனே கிடையாது. அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் எதிர்பார்க்கவே இல்லப்பா. இப்படி ஒரு முடிவு படிச்சு எத்தனை வருஷமாச்சு," என்றார். அன்றிலிருந்து நானும் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. பல் டாக்டர் புத்தகத்தோடு வந்து, "கடைசி அத்தியாயம் குடுங்க மேடம், கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கார்," என்று தலைமை நூலகரிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா என் டிராயரைத் திறந்தார். உள்ளே பத்தொன்பது முடிவுகள் இருந்தன.

"எல்லார்கிட்டயும் புக்கை வாங்கி, ஒட்டி அனுப்பிட்டு வீட்டுக்குப் போங்க," என்றார். திட்டக்கூட இல்லை. நீங்கள் கேட்பதும் அதைத்தான்: ஒட்டினேனா, இல்லையா?

ஒட்டிவிட்டேன். நேற்றே பத்தொன்பதையும் தபாலில் அனுப்பிவிட்டேன். எதுவும் அரைகுறையாகப் போகவில்லை. எந்தக் கதைக்கு எந்த முடிவு பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத்தான் ஒட்டினேன். எழுதியவர்கள் அவசரத்தில் செய்திருந்த தவறுகளையெல்லாம் திருத்தியாயிற்று.