பொணத்துக்கு எத்தனை மார்க்?

உக்காருங்க சார், காலிதான். நாற்காலி லேசா ஆடும், அதான் யாரும் உக்காரல. நடுவருங்களுக்குன்னு முன் வரிசையில சோபா போட்டிருக்காங்களே... ஓ, ஏசி நேரா மண்டையில அடிக்குதா? சரிதான்.

இடைவேளை பதினஞ்சு நிமிஷம்னுதான் சொல்வாங்க. காபி வர்றதுக்கே இருபது ஆகும், நிதானமா இருங்க.

ஒன்பது படம் பாத்தாச்சு. எனக்கு ஒரு சந்தேகம் சார். குறும்படம்னா அலாரம் அடிச்சுத்தான் ஆரம்பிக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா? ஒன்பதுல அஞ்சுல அலாரம். அப்புறம் பல்லு தேய்க்கறான். அப்புறம் ஜன்னல் வழியா வெறிச்சுப் பாக்கறான். நமக்கு ஏதாவது புரியறதுக்குள்ள பேரு ஓட ஆரம்பிச்சுடுது. மெதுவாச் சிரிங்க, எடுத்தவங்க எல்லாம் பின்னாடிதான் இருக்காங்க. கை தட்டறது யாரு, கவனிச்சீங்களா? பெரியம்மா, சித்தப்பா, மாமா. அவங்க வீட்டுப் படம் முடிஞ்சா குடும்பமே எழுந்து போயிடுது.

நானா? ரிடையர் ஆயிட்டேன். வீடு வீடாப் போயி கரண்ட் மீட்டர் பாத்தவன். எட்டிப் பாக்கற பழக்கம் இன்னும் போகல, உங்க மார்க் தாளையும் பாத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. ஒன்பதாவது படத்துக்கு நேரா, பொணம் மூச்சு விடுதுன்னு எழுதி அடியில கோடு வேற போட்டிருக்கீங்க.

நெஜம்தான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல அப்பா செத்துக் கெடக்காரு, மக வந்து நிக்கறா, துணிக்குள்ள வயிறு குலுங்குது. மொத்த ஹாலும் சிரிச்சுது. எத்தனை மார்க் குறைப்பீங்க? மூணா! ஒரு பொணத்துகிட்ட இவ்ளோ கறாரா?

அந்தாளு நடிகனே இல்ல சார். நடிக்க வேண்டியவரு வரல. கேமராமேன் பையன்தான் அவசரத்துக்கு இந்தாளுக்கு போன் பண்ணிக் கூப்பிட்டான். மகளா நடிச்ச பொண்ணுதான் டைரக்டரும். அவ பேங்க் வேலைய விட்டுட்டு சினிமா எடுக்கக் கெளம்புனப்போ, இந்தாளு வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, சொந்தக்காரங்க முன்னாடி உருப்படாததுன்னுட்டான். அன்னிக்குப் பேச்ச நிறுத்தினவதான். நாலு வருஷம். அன்னிக்கு ஷூட்டிங்லகூட, அவரப் படுக்கச் சொல்லு, கண்ண மூடச் சொல்லுன்னு கேமராமேன்கிட்டதான் சொல்றா.

ஆமா சார். நான்தான். என் மகதான்.

மக வந்து பேசாம நிக்கணும், அவ்ளோதான் சீன். மூச்சப் புடிச்சுக்கிட்டு ஆறு டேக் கெடந்தேன், பொணம் தோத்துடும். ஏழாவதுல என்ன நெனைச்சாளோ, கிட்ட குனிஞ்சு அப்பான்னு கூப்பிட்டுட்டா. எழுதின தாள்ல அந்த வார்த்தையே இல்ல சார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. வயித்த எங்க போயி அடக்கறது?

அவளே கட் சொல்லிட்டு, நிமிந்து வெளிய போயிட்டா. படத்தக் கெடுத்துட்டோமேன்னு நானும் வந்துட்டேன்.

மூணு என்ன, அஞ்சுகூட குறைச்சுக்குங்க சார். நல்லாக் கெடந்த ஆறு டேக்கையும் தூக்கிப் போட்டுட்டு, அந்த ஏழாவதத்தான் படத்துல வச்சிருக்கா. இப்பதான் பாத்தேன்.