கருஞ்சிறகன் குதித்த பாறை

அன்று எங்கள் கொல்லைப் பாறையடியில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரியதம்பி என்கிற நான். என் தம்பி துரைக்கண்ணுவின் மனைவி வசந்தா. செல்போனில் படம் பிடித்த சர்ஃபராஸ். குதிக்க வந்த பார்த்திபன். வசந்தா எல்லோருக்கும் மோர் கொண்டுவந்திருந்தாள். உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் 'கருஞ்சிறகன்' என்று ஒரு படம் எடுக்கச் செஞ்சிக்கு வந்தார்கள். முகமூடி போட்ட ஒருவன் கறுப்புத் துணியைச் சிறகாகக் கட்டிக்கொண்டு ஏழைகளைக் காப்பாற்றுகிற கதை. கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கும் காட்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை. கோட்டை பின்னால் தெரிகிற மாதிரி எங்கள் பாறையில் எடுத்தார்கள். இருபத்திரண்டு அடி. நடிகருக்குப் பதிலாகக் குதிக்க ஒப்புக்கொண்டவன் துரைக்கண்ணு. அந்தக் காட்சியால் எங்கள் வீட்டுக்குக் 'குதிச்சவர் வீடு' என்று பெயர் வந்தது. அவலூர்பேட்டையிலிருந்து வசந்தாவின் அப்பா தேடி வந்து பெண் கொடுத்ததும் அதற்காகத்தான். துரைக்கண்ணு இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கூடத்தில் மாலை போட்ட படத்தில்கூட அந்தக் கறுப்புத் துணியோடுதான் நிற்கிறான்.

போன பொங்கலுக்கு ஒரு புதுப் படம் வந்தது. வேறு வேறு உலகங்களில் இருக்கும் வீரர்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கிறார்கள். மல்டிவெர்ஸ் என்கிறார்கள். அதில் ஒரு நிமிஷம் பழைய கருஞ்சிறகன் வருகிறான். பழைய குதியை அப்படியே காட்டுகிறார்கள். தியேட்டரில் விசில் அடங்கவில்லை. வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் அதே வாக்குவாதம். பார்த்திபன் யூடியூபில் சினிமா பேசுகிறவன். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம். அவன் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டினான்.

“கை மடங்கவே இல்ல பாரு. மனுசன் வுழுந்தா கை தானா முன்னால வந்துடும். இது பொம்மடா.”

“பொம்ம கால ஒதறுமாடா லூசு?” என்றான் அவன் கூட்டாளி சர்ஃபராஸ்.

“காத்துல ஆடுதுடா. கருஞ்சிறகன்னா ஒனக்குக் கண்ணு அவிஞ்சிடும்.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து, “குதிச்சது என் தம்பி” என்றேன்.

“கோச்சிக்காத தாத்தா. வேற ஏதாவது உலகத்துல ஒன் தம்பி குதிச்சிருப்பாரு. இந்த உலகத்துல பொம்மதான்.”

கடையே சிரித்தது. சர்ஃபராஸும் சிரித்தான்.

மறுநாள் பார்த்திபன் அதையே யூடியூபில் போட்டான். எங்கள் வீட்டு வாசலையும் காட்டியிருந்தான். வசந்தா சோறு போட்டுக்கொண்டே, “மாமா, அந்தப் புள்ள சொல்றது நெசமா?” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் சந்தேகமாகக் கேட்டதில்லை. “நெசம் இல்லம்மா” என்றேன். அவள் குழம்பை ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொம்மைதான், ஐயா. துரைக்கண்ணு மேலே ஏறினான், கீழே பார்த்தான், இறங்கிவிட்டான். வைக்கோலைத் திணித்துப் பொம்மையைத் தைத்துக் கொடுத்தவன் நான். விஷயம் தெரிந்த மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பார்த்திபன் பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். அவன் உண்மையைச் சொன்னான்.

நானே அவன் வீட்டுக்குப் போனேன். “நீயே குதிச்சுப் பாரு. அன்னிக்குப் போட்ட மாதிரியே மெத்த போட்டுத் தரேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டு. ஒன் கை மடங்குச்சுன்னா ஊரறிய மன்னிப்புக் கேக்கறேன்” என்றேன்.

“செம கன்டென்ட் தாத்தா” என்றான். துரைக்கண்ணுவின் கறுப்புத் துணியைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். தருகிறேன் என்றேன்.

படம் எடுத்த அன்று போட்ட மெத்தை இப்படி: அடியில் நாலடி உயரத்துக்குக் காய்ந்த மல்லாட்டைக் கொடி, அதாவது வேர்க்கடலைக் கொடி. அதன் மேல் ரெண்டடி வைக்கோல். விழுகிறவனைத் தாங்குவது கொடிதான். மூன்று நாள் தனியாக வேலை செய்தேன். எழுபத்திரண்டு வயதில் முதுகு வலிக்கத்தான் செய்தது. வைக்கோல் ரெண்டடி போட்டேன், குறைக்கவில்லை. அடியில் கொடிக்குப் பதிலாக, வரப்போரம் பொறுக்கிய கற்களை அடுக்கினேன். ஓரங்களில் மட்டும் கொடியைச் செருகினேன். பார்த்திபன் வந்து ஓரத்தை அமுக்கிப் பார்த்தான். நன்றாக அமுங்கியது.

காலை பத்து மணி. படத்துக்கு ஏற்ற வெயில். விழும்போது அவன் கை மடங்கி முன்னால் வந்தது, அவன் சொன்னபடியே. சர்ஃபராஸின் போனில் தெளிவாக இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வசந்தா செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். கறுப்புத் துணி எங்கள் வீட்டுடையது என்பதால் அதை அவிழ்த்து, உதறி, மடித்து எடுத்துக்கொண்டேன். பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அது வரும்வரை அவனுக்கு உயிர் தங்கவில்லை.

வசந்தா இப்போது அவலூர்பேட்டையில், அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். போகும்போது கூடத்துப் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள். துடைக்க எடுத்திருப்பாள். எப்படியும், அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

பார்த்திபன் பயந்து திரும்பும்போது கால் வழுக்கி விழுந்தான் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறதாம். தவறு. அவன் வழுக்கவில்லை. விளிம்பில் நின்று என்னைத்தான் பார்த்தான். “தாத்தா, பயமா இருக்குது. எறங்கிடட்டுமா?” என்று கேட்டான். “என் தம்பி எறங்கல” என்றேன். குதித்தான்.