அவன் எழுதியதை நான் படித்தேன்

நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கற்றேன் ஐயா, அதனால் என் கையெழுத்து கொஞ்சம் உருண்டையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் முன்னுக்குப் பின்னாகிவிடும். எழுதினால் ஒவ்வொன்றாக வரும். தாள் கொடுத்ததற்கு நன்றி.

குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன் நான். பத்தொன்பது வருடமாகிறது. எங்கள் ஆட்கள் பேசிக்கொள்ள முன்பு ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் குழு வைத்திருந்தோம். ஒருநாள் காலையில் பார்த்தால் குழுவைக் காணோம். யாரோ புகார் கொடுத்தார்களாம். என்ன புகார் என்று கேட்கக்கூட அங்கே ஆள் கிடையாது. செல்போன் பழுதுபார்க்கும் அக்காதான் வேறு வழி சொன்னார். முதலாளி என்று ஒருவர் இல்லாத வலை அது. ஒவ்வொரு கூட்டமும் தன் கணினியில் தன் வீட்டை நடத்தும். வீட்டுக்கு வீடு கதவு உண்டு, திறப்பதும் சாத்துவதும் அவரவர் இஷ்டம். பழைய கணினி ஒன்றை என் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தார்.

"இத யாரு பாத்துக்கறது, அக்கா?"

"நீங்கதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் கண்ணுக்கு ஒரு வரி தப்பாது" என்று சிரித்தார்.

நன்றாகவே பார்த்துக்கொண்டேன். ஷிப்டு விடும் வாசலில் நின்று ஒவ்வொருவராகச் சேர்த்தேன். இருநூற்று அறுபது பேர். ஊர்க்கதையும் பேசுவோம், ஆனால் முக்கியமானது எச்சரிக்கை. எந்த லிப்டின் கம்பி நைந்திருக்கிறது, எந்தத் தரை வழுக்குகிறது என்று பார்த்தவர் எழுதுவார். உள்ளே கால் வைக்குமுன் போனில் எங்கள் பக்கத்தைப் பார்ப்பது என்ற பழக்கத்தை உண்டாக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முகப்பு வரியையும் நானே எழுதினேன். "உழைப்பவர் குரல் இங்கே ஒளிக்கும்." எந்த ல, எந்த ள என்பதில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அதைப் பார்த்துவிட்டான். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும், அதனால் ஊசி என்போம். எல்லோரும் பார்க்க எழுதினான்: "அண்ணே, குரல ஒளிச்சு வச்சுட்டீங்களா? எந்த ரேக்குலனு சொல்லுங்க, வண்டிய விட்டு எடுத்தாறேன்."

நாற்பத்து மூன்று பேர் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் போட்டேன். எனக்குக் கோபம் இல்லை. வரியைத் திருத்தினேன். அதற்குப் பிறகும் பத்து நாள் அவன் என்னை 'ஒளிச்ச அண்ணே' என்றுதான் கூப்பிட்டான்.

நடத்துகிறவனுக்கு மட்டும் தெரிகிற பக்கம் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'மட்டுப்படுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். விளம்பரம் ஒட்டுகிறவர்களுக்காக வைத்தது. அழுத்தினால் ஆளை வெளியே தள்ளாது. அவர் எழுதலாம், எழுதியது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. நடத்துகிறவனுக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு என்று நினைத்துத்தான் ஊசியின் பெயருக்கு எதிரில் அழுத்தினேன். வாரம் முடிந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

மற்றவர்களிடம் கேட்க அவனுக்கு ரோஷம். கை கழுவுமிடத்தில் என்னிடம் மட்டும் கேட்டான்.

"அண்ணே, நம்ம ஆளுங்க என்மேல கடுப்பா இருக்காங்களா?"

"ஏம்பா?"

"ஒருத்தனும் பதில் போட மாட்டேங்கறான். செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் வேலை அலுப்புப்பா. நீ எழுது. நான் படிக்கிறேன்ல?"

"நீங்களாவது படிக்கிறீங்களே, அது போதும்ணே."

வாரத்துக்கு ஒரு விருப்பக்குறி போட்டேன். நாள்போக்கில் அவனுடைய கேலி குறைந்தது. மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதை எழுதினான். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பதை எழுதினான். யாரும் கேட்காத இடத்தில் பேசுகிறவன் எழுத்து வேறு மாதிரி இருக்கும். என் படிப்பு அதில்தான் தேறியது. இப்போது விரல் வைக்காமல் படிக்கிறேன்.

எட்டாவது மாதம். காலை பத்தரை இருக்கும், ஊசி எழுதினான்: "மூணாம் உறையறை உள்தாழ்ப்பாள் உடஞ்சிருக்கு. உள்ள இருந்து திறக்காது. போறவங்க கதவுல கட்டை வைங்க. சூப்பர்வைசர்ட்டயும் சொல்லிட்டேன்." பத்து நிமிடம் கழித்து அதையே இன்னொரு தடவை. மூன்றாவது தடவை, கடைசியில் "யாராவது பாத்தீங்களா?" என்றும் இருந்தது.

தேநீர் இடைவேளையில் மூன்றையும் படித்தேன். யோசித்தேன். தடையை எடுத்தால் எட்டு மாதம் எழுதியதெல்லாம் ஒரேயடியாக எல்லோர் போனிலும் வந்து விழும். நானே என் பெயரில் எழுதினால் உடனே இருபது பேர் பதில் போடுவார்கள், தனக்கு ஏன் வரவில்லை என்று அவன் கேட்பான். நடந்துபோய்க் கதவில் ஒரு கட்டையை வைத்திருக்கலாம். இருநூறு அடி தூரம். வாசலில் லாரி நின்றிருந்தது. தேநீரைக் குடித்துவிட்டு லாரிக்குப் போனேன்.

தரை கழுவுகிற அக்கா மாலை வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். உறையறைக்குள் போகுமுன் கையுறையைக் கழற்றி, போனில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிப்பார். அன்றும் படித்தார், கேமராவில் நீங்களே எனக்குக் காட்டினீர்கள். மூன்றாம் அறையைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால் உள்ளே போனார். ஷிப்டு மாறி மூன்று மணிக்குத்தான் கதவைத் திறந்து உடலை எடுத்தார்கள்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் கூடினோம். சூப்பர்வைசர் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றுவிட்டார். அக்காவின் கணவர் ஊசியின் சட்டையைப் பிடித்தார்.

"தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தியாடா?"

"மூணு தடவ எழுதினேன் மாமா. இங்க பாருங்க, பாருங்க."

எல்லோரும் அவரவர் போனைத் திறந்தார்கள். யார் போனிலும் இல்லை. "இப்ப ஏதோ பண்ணி எடுத்துட்டு வந்து காட்டுறான்" என்று யாரோ சொன்னார்கள். ஊசி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க படிப்பீங்களே."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை மேலும் கீழும் நகர்த்தினேன். "இங்க இல்லையேப்பா" என்றேன். நான் பார்த்தது எல்லோரும் பார்க்கிற பக்கத்தை. அதில் இல்லைதான்.

அவன் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். எங்கள் வலைவீட்டை விட்டு அவனை நீக்கு என்று அறுபது பேர் கேட்டார்கள். நான் ஒப்பவில்லை. இன்றும் தினமும் எழுதுகிறான். மாமாவுக்கு என்று தொடங்கி, நான் பொய் சொல்லலை என்று முடிப்பான். அந்த மூன்று மட்டும் ஏதோ கோளாறில் போகவில்லை, மற்றதை எல்லோரும் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று நம்புகிறான்.

பொத்தானை அழுத்தியது நான். மூன்று தடவை அவன் எழுதியதைப் படித்தது நான். இல்லை என்று சொன்னதும் நான். கடவுச்சொல் கேட்டீர்கள், இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. அவன் பெயரிலுள்ள தடையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இத்தனை மாதமும் ஒருவர்கூடத் தன்னைப் படிக்கவில்லை என்று தெரிந்தால் அவன் மனசு தாங்காது, அவனைப் பக்குவமாகப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.